ஒரு தோள்பட்டையும் நாற்பது பேர் லைனும்

இந்த ஊரில் பிசியோதெரபி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினால் கத்திவிடுவேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் திருப்பூரில் ஒரே ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டினேன். ஜனங்களுக்கு நான் "கரண்ட் வைக்கிற மேடம்". வலிக்கிற இடத்தில் மின்சாரம் வைத்து அனுப்புவது மட்டும்தான் நம் வேலை என்று நினைத்தார்கள். உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோபப்படாதீர்கள். கோபத்தை வேறு இடத்துக்கு மிச்சம் வையுங்கள், தேவைப்படும்.

மெஷினை எப்படி வைப்பது, எந்தத் தசை எங்கே ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் ஒரு நோயாளியும் வருவார். எக்சர்சைஸ் செய்வதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு ஜோலி இருக்காது. அப்படி ஒரு ஆளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் பார்த்தது ஈஸ்வரியை. அவளிடம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மற்றவர்கள் செய்த தப்பும் இதில் வரும். அதையும் விட்டுவிடப் போவதில்லை.

ஈஸ்வரிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. குன்னத்தூர் பக்கம் ஒரு ஊர். பனியன் கம்பெனி வேனில்தான் வேலைக்கு வந்து போவாள். மழைநாளில் வேன் படியில் வழுக்கி விழுந்து வலது தோளில் எலும்பு விரிசல். எலும்பு டாக்டர் ஆறு வாரம் கையைக் கழுத்தோடு சேர்த்துப் பட்டை போட்டு வைத்துவிட்டு, பிறகு என்னிடம் அனுப்பினார்.

அவள் பேட்லாக் மெஷின் டெய்லர். சட்டையின் கையும் அடிப்பக்கமும் மடித்துத் தைக்கிற மெஷின் அது. ஆறு வருடம் டெய்லர் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கிற கைமடியாக இருந்து, சாப்பாட்டு நேரத்தில் திருட்டுத்தனமாகத் தைத்துப் பழகி, அந்த நாற்காலிக்கு வந்தவள். ஃப்ளோர் இன்சார்ஜ் செந்தில் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். புது ஆர்டர் தையல் லைனில் ஏறும்வரை மெஷின் அவளுக்காகக் காத்திருக்கும். அதற்குள் வரவில்லை என்றால் வேறு டெய்லர் உட்காருவார். இவள் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டப் போக வேண்டியதுதான். கத்தரியைப் பிடித்துக்கொண்டு, தனக்குக் கைமடியாக இருந்த பெண் தைத்துப் போடும் துணியில் நூல் நறுக்குவது.

"அதுக்குப் பேசாம ஊட்லயே இருந்துக்குவனுங் மேடம்" என்றாள். அவள் வீட்டில் இருக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

முதல் நாள் நான் செய்தது இதுதான். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, இரண்டையும் காட்டினேன். ஒரு தாளில் "பத்து தடவை, மூன்று வேளை" என்று எழுதினேன். வலித்தால் நிறுத்து என்றேன். அடுத்த வாரம் வா என்றேன். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். மொத்தம் ஏழு நிமிடம்.

அடுத்த வாரம் வந்தாள். தோள் வீங்கி, தொட்டால் சுடுகிறது. கை இடுப்புக்கு மேல் வரவில்லை. முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"டார்கெட் தாண்டிப்போட்டனுங் மேடம்."

"என்ன டார்கெட்?"

"நீங்க குடுத்ததுதானுங்க. ஒரு நாளைக்கு முப்பது, வாரத்துக்கு எரநூத்திப் பத்து. தெனமும் எங்கீங்க நேரம்? ஒத்தக் கையில சோறாக்கி, துணி தொவைச்சு, மாட்டப் பாத்து... ஞாயித்துக்கெழமை எங்க ஊட்டுக்காரரு இருப்பாரு. மாட்ட அவருகிட்ட உட்டுப்போட்டு ஒரே மூச்சுல முடிச்சுட்டேன். அடுத்த வாரத்துக்கும் நூறு ஓட்டியாச்சுங்க."

ஒரு நோட்டை நீட்டினாள். கம்பெனியில் டெய்லர் மேசையில் தொங்கும் கணக்குத் தாள் மாதிரியே கோடு போட்டிருந்தது. எட்டு டு ஒன்பது, அறுபது. ஒன்பது டு பத்து, எழுபத்திரண்டு. முதல் பக்கத்தில் அவள் பெயரும் மெஷின் நம்பர் பதினேழும். கடைசிக் கட்டத்துக்கு "ஆல்ட்டர்" என்று தலைப்பு. தையல் சரியில்லாத பீஸைப் பிரித்து மறுபடி தைப்பதற்கு இங்கே அந்தப் பெயர். அதில் பதினாலு என்று போட்டிருந்தாள்.

"இது என்ன?"

"பதினாலு தடவ கை சரியா ஆடுலீங்க. அதத் திருப்பிச் செஞ்சுட்டேன். கம்மி பண்ணுலீங்க."

நான் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. "கைய என்ன பனியன்னு நெனச்சியா? வலிச்சா நிறுத்தச் சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க. வலிச்சா நிறுத்தறதுன்னா நானு பத்து வருசத்துக்கு முன்னாலயே நிறுத்தியிருக்கோணுமுங்க."

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அத்தனை பேரும் கம்பெனிப் பெண்கள். நானும் சிரித்திருக்கலாம். அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கியிருந்தால் இன்னும் நல்லது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதிர்த்துப் பேசாதே" என்றேன். வலி வந்தால் நிறுத்து என்பது வலி எப்போதாவது வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை. பத்து வருடம் கழுத்துவலியோடு ஷிப்ட் முடித்த பெண்ணுக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எண்ணிக்கையைக் குறைத்தேன். ஒரு வேளைக்கு ஐந்துதான், ஒவ்வொரு வேளைக்கும் நடுவில் ரெஸ்ட் என்றேன்.

"ரெஸ்ட் எத்தனைங்க?"

"ரெஸ்டுக்கு எல்லாம் எண்ணிக்கை கிடையாது."

"எண்ணிக்க இல்லாத வேலைய எப்படீங்க செய்யறது?"

"போய் வா" என்று அனுப்பிவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் நோட்டு சுத்தமாக இருந்தது. ஒரு வேளைக்கு ஐந்து, ஒரு நாளும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் தோள் அசையாமல் கிடந்து இறுகியிருந்தது. அசைத்த தோள் இப்படி இறுகாது. கேட்டேன்.

"ஏம்மா, நெசமாலுமே செஞ்சியா?"

"எங்க நங்கையா செஞ்சாங்க."

நங்கையா என்றால் அவள் வீட்டுக்காரரின் அக்கா. பக்கத்து வீடு.

"உனக்குக் குடுத்த எக்சர்சைஸ அவங்க எதுக்குச் செய்யறாங்க?"

"எனக்கு ஆவுலீங்களே. கை ஒரே குத்தல். லைன்ல ஒருத்தி லீவுன்னா அவ பண்டல இன்னொருத்தி முடிக்கறதில்லீங்களா? மாரியம்மன் நோம்பிக்கு எம் பேருக்கு அவங்கதானுங்க தீக்குண்டம் எறங்குனாங்க. சாமியே ஒத்துக்கிச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவங்களுக்கு இப்பத் தோளு ரொம்ப நல்லாயிருக்குதுங்க."

இதைப் படித்துவிட்டுப் படிக்காத ஜனம் என்று சிரிப்பவர்கள் வேறு வேலை பார்க்கலாம். நான் தாளில் எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவள் எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தாள். தோளைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. எதற்காக இந்த அசைவு, எதற்காக இடைவெளி, மறுநாள் காலையில் வீங்கியிருந்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லவே இல்லை. அவளை அந்த ஏழு நிமிடத்தில் என்ன வேலை, எப்படி வேலை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவள் எதையும் எண்ணித்தான் முடிப்பாள் என்பது தெரிந்திருக்கும்.

இந்த அறிவு எனக்கு உடனே வந்துவிடவில்லை. அதற்கு முன்னால் செந்தில் வந்தார்.

ஒரு கிலோ மைசூர்பாவோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிற பையர் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க வருகிறார்களாம். காயம்பட்டுத் திரும்பும் பெண்களுக்குப் பாதுகாப்பான உடற்பயிற்சி தரப்படுகிறதா என்று அவர்கள் கேள்வித்தாளில் ஒரு கேள்வி இருக்கிறதாம்.

"தர்றோம்னு டிக் பண்ணிப்போட்டேன் மேடம். இனி தந்துதான் ஆவோணும். நீங்க வந்து முன்னால நில்லுங்க, போதும். உங்க பேசண்ட் ஈஸ்வரி இருக்குதல்ல, அந்தப் புள்ளையவும் வரச் சொல்லீட்டேன். நல்லபடியா முடிஞ்சா அதோட மெஷின வேற ஆருக்கும் குடுக்க மாட்டேன்."

இறுகின தோளோடு ஒரு பெண்ணை எதற்கு வரச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். என்னென்ன பயிற்சி என்றும் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, வண்டி அனுப்புவீர்களா என்பது. மெஷின் கிடைத்துவிடும் என்பதும் மனதில் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்குப் போடப்போகிற சால்வையும் இருந்தது.

கம்பெனி மாடியில் தையல் தளத்தின் ஒரு பாதியை ஒதுக்கியிருந்தார்கள். மெஷின்களை எல்லாம் நிறுத்தி, நாற்பது பெண்களை வரிசைக்கு ஐந்து பேராக எட்டு வரிசை நிற்க வைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் கல்யாண மண்டபத்து மேளம் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சால்வை போட்டார்கள். நான் வரிசையைப் பார்த்தேன். ஒருத்திக்குக் கழுத்தில் ஒரு சீட்டு, "கழுத்து" என்று. அடுத்தவளுக்கு "தோள்". பிறகு இடுப்பு, முட்டி, பாதம்.

"இது என்னங்க செந்தில்?"

"லைன் மேடம்." அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒருத்தரே எல்லா எக்சர்சைசும் செஞ்சா நேரமாவுது. நாங்க சட்டையவே அப்படித் தைக்கறதில்லீங்களே. ஆளுக்கு ஒரு ஆப்பரேசன் பிரிச்சுக் குடுத்துட்டேன். முதல் ஆளு கழுத்து, ரெண்டாவது தோளு. அப்படியே போனா, நிமிசத்துக்கு ஒரு முழு ஒடம்பு வெளிய வந்துரும்."

"யாரோட ஒடம்பு?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. "மொத்தமாத்தானுங்க" என்றார்.

வரிசைகளின் கடைசியில் ஒரு செக்கிங் பெண் பாஸ் ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருந்தாள். எதில் ஒட்டுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

முன்வரிசையைச் சிறப்பாக அமைத்திருந்தார். அடிபட்டவர்களைத்தானே காட்ட வேண்டும்? அதனால் முன்னால் நின்ற ஐந்து பேரும் அடிபட்டவர்கள். யாருக்கு எது கெட்டுப்போயிருக்கிறதோ அதையே கொடுத்திருந்தார். அந்த இடத்தில் அவர்களுக்கு அனுபவம் இருக்கிறதாம். "தோளுல ஈஸ்வரிதானுங்க சீனியர்" என்றார். முட்டி ஆபரேஷன் ஆன பாத்திமாவுக்கு முட்டி. அவள் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், எனக்கு இடுப்புக் குடுக்கச் சொல்லுங்க மேடம். இடுப்பு எனக்கு நல்லாயிருக்கு."

"யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம், இருங்க" என்றேன். அதற்குள் கீழே பையர் ஆட்களின் கார் வந்து நிற்கும் சத்தம். செந்தில் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

ஒரு விசிலுக்கு ஒன்று. கழுத்தைச் சுழற்றினார்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள், உட்கார்ந்து எழுந்தார்கள். பாத்திமா புத்திசாலி, சேலையை நன்றாக விரித்துவிட்டுக்கொண்டு உள்ளே முட்டியை மடக்காமலேயே தலையை மட்டும் கீழே மேலே கொண்டுபோனாள். ஈஸ்வரிக்கு அந்த வித்தை தெரியாது. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துத் தள்ளித் தூக்கினாள். ஒன்று. இரண்டு. செந்தில் விரல்களால் எனக்கு ஜாடை காட்டினார், டார்கெட் அறுபது.

எட்டாவதில் அவள் உதட்டைக் கடித்தாள். பத்தாவதில் முகம் வெளுத்தது. அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் மூடி வைத்திருந்த பதினேழாம் நம்பர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நான் நிறுத்தினால் பையர் முன்னால் செந்திலின் மானம் போகும், அந்தக் கோபம் அவள் மெஷின் மேல் இறங்கும். நிறுத்தாவிட்டால் கூடி வருகிற தோளைக் கிழித்துக்கொள்வாள். யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யோசிக்கவில்லை. யாராவது நிறுத்துவார்கள் என்று சால்வையோடு நின்றேன். ஆஸ்பத்திரியில் கோபக்காரி என்று பேர் வாங்கியவள், பதினெட்டு எண்ணும்வரை வாயைத் திறக்கவில்லை. நோயாளி கண் முன்னால் கெட்டுக்கொண்டிருக்கும்போது நாம் அடக்கமாக நிற்பது நல்ல குணம் இல்லை.

பதினெட்டாவதில் கை பாதியில் நின்றுவிட்டது. "போதும், நிறுத்துங்க!" என்று கத்தினேன். மேளத்தில் கேட்கவில்லை. பக்கத்தில் கேட்டவர்கள் வாழ்த்து என்று நினைத்துக் கைதட்டினார்கள். மறுபடி விசில். அவள் முழங்கையைத் தள்ளினாள்.

எனக்கு முப்பது வருட நோயாளிகள் சொல்லிக் கேட்ட ஒரு விஷயம் தெரியும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மேலே பல்லி விழுந்தாலும் லைன் நிற்காது, ஒருத்தி மயங்கி விழுந்தாலும் அவளைத் தூக்கிக்கொண்டு போவார்களே தவிர லைன் நிற்காது. ஒன்றே ஒன்றுக்கு நிற்கும்.

"ஊசி ஒடஞ்சிருச்சு!" என்று கத்தினேன்.

மேளம் நின்றது. விசில் செந்திலின் வாயிலிருந்து கீழே விழுந்தது. நாற்பது பெண்களும் எந்த நிலையில் இருந்தார்களோ அந்த நிலையில் அப்படியே நின்றார்கள். ஈஸ்வரி கையைக் கீழே இறக்கினாள்.

உடைந்த ஊசியின் துண்டு துணிக்குள் போய், வெளிநாட்டில் ஒரு குழந்தையின் உடம்பில் குத்தினால் மொத்த ஆர்டரும் திரும்பி வரும். அதனால் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை யாரும் அசையக்கூடாது. துண்டுகளை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், நாலு சென்டிமீட்டர் ஊசிக்கு இருக்கிற சட்டம் அதைக் கோர்க்கிற கைக்கு இல்லை.

பையர் ஆட்கள் இரண்டு பேர், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் பெங்களூர்க்காரர் ஒருவரும், மாடி ஏறி வந்தபோது கண்டது இதுதான். செந்தில் கையில் காந்தத்தோடு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார். மெக்கானிக் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் நின்ற இடத்தில் நின்று காலடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சால்வை போட்ட நான்.

"எந்த மெஷின்?" என்று பெங்களூர்க்காரர் கேட்டார். செந்தில் தரையிலிருந்து என்னைப் பார்த்தார்.

"மேடம், எந்த மெஷினுங்க?"

எனக்குத் தெரிந்த நம்பர் ஒன்றுதான். "பதினேழு" என்றேன்.

மெக்கானிக் உறையை எடுத்துப் பார்த்தார். பேட்லாக்கில் மூன்று ஊசி. மூன்றும் முழுதாக இருந்தன. அதுவும் இரண்டு மாதத்துக்கு மேலாக மூடிக் கிடக்கும் மெஷின். வேறு இடமாக இருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். ஆனால் ரிஜிஸ்டரில் அதற்குள் வரி ஏறிவிட்டது. ஊசி உடைந்தது, மெஷின் பதினேழு, துண்டு கிடைக்கவில்லை. வெள்ளைக்காரப் பெண் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, படமும் எடுத்துக்கொண்டாள். ஊசிக்காக இன்சார்ஜே தரையில் தவழும் கம்பெனியை இதுவரை பார்த்ததில்லை என்று பாராட்டினாளாம். உடற்பயிற்சியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மெஷினில் சிவப்பு நாடா கட்டினார்கள். துண்டு கிடைத்து வரி முடியும்வரை யாரும் அதில் உட்காரக்கூடாது.

அவர்கள் போன பிறகு செந்தில் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"மேடம், மூணு ஊசியும் முழுசா இருக்குது. ஒடஞ்சது எந்த ஊசீங்க?"

"ஒண்ணும் ஒடயல. அவ தோளு ஒடயற மாதிரி இருந்துச்சு. கத்துனேன்."

"அய்யோ. இப்ப ரிஜிஸ்டர்ல என்னங்க எழுதறது?"

"அத எங்கிட்டக் கேக்காதீங்க. சீட்டுக் கட்டி ஒடம்பப் பிரிச்சீங்கல்ல, அதே புத்தியில யோசிங்க." இன்னும் நிறையச் சொன்னேன். எழுதத் தக்கதில்லை. சால்வையை அவர் மேசையில் வைத்துவிட்டு ஈஸ்வரியை அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். ஐஸ் வைத்தோம். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு தப்பியது. தசை பழையபடி வீங்கிக்கிடந்தது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவள் அழவில்லை. "மெஷினு போச்சுங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "போகல. அதுல யாரும் ஒக்கார முடியாது" என்றேன்.

அன்றைக்கு நான் ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்தேன். வெளியே இருந்தவர்கள் திட்டினார்கள், திட்டட்டும். அவள் நோட்டையே எடுத்துக் கோடு போட்டேன். காலை ஐந்து ஆட்டம். அடுத்த வரியில் "ரெஸ்ட், மூன்று மணி நேரம், டார்கெட் ஒன்று". அதையும் முடித்து டிக் போட வேண்டும். ஐந்துக்கு மேல் ஆறாவது செய்தால் அந்த வேளை முழுதும் ரிஜெக்ட். மறுநாள் காலையில் எழுந்ததும் தோளைத் தொட்டுப் பார்ப்பது செக்கிங். முந்தின நாளைவிடச் சூடாகவோ வீங்கியோ இருந்தால் அன்றைக்கு லைன் ஓடாது. வலி சுருக்கென்றால் ஊசி உடைந்தது என்று அர்த்தம், அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

"இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா நானு எதுக்குங்க ஞாயித்துக்கெழம ஒக்காந்து உசுரக் குடுத்திருப்பேன்?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தேன்.

"நங்கையா செய்யலாமுங்களா?"

"செய்யலாம். அவங்க நோட்டுல எழுதிக்கட்டும்."

இதற்கிடையில் புது ஆர்டர் லைனில் ஏறிவிட்டது. செந்தில் போன் செய்தார். பதினேழை ஓட்டியே ஆக வேண்டுமாம். வேறு டெய்லரை உட்கார வைக்க வரியை முடிக்க வேண்டும். வரியை முடிக்கத் துண்டும் வேண்டும், அந்த மெஷின் டெய்லரின் கையெழுத்தும் வேண்டும். ரிஜிஸ்டரில் அந்த மெஷினுக்கு ஈஸ்வரி பெயர்தான் இருக்கிறது. பையர் பெண் படம் எடுத்துக்கொண்டு போன பக்கம், மாற்றவும் முடியாது.

"ரிஜிஸ்டர அவங்க ஊட்டுக்கே எடுத்துட்டுப் போறேன் மேடம். ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். துண்டப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம்."

"கூடாது. கையெழுத்துப் போட்டா தோளு அசையும்."

படித்து வந்தவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியும். கையெழுத்துக்கும் தோளுக்கும் ஒன்றுமில்லை. மணிக்கட்டை ஆட்டினால் போதும். நான் சொன்னது பொய். ஆஸ்பத்திரித் தாளிலேயே அதை எழுதி, சீல் வைத்துக் கொடுத்தேன். ஒழுங்குமுறை தெரிந்தவர்கள் என் மேல் புகார் எழுதலாம், இப்போது பென்ஷனும் கிடையாது, பிடுங்க ஒன்றுமில்லை. ஒரு பொய்க்கு அவள் நாற்காலி பத்து வாரம் காலியாக இருந்தது என்றால், அதே வார்த்தையில் மறுபடி எழுதுவேன்.

செந்தில் வாராவாரம் போன் செய்தார். முதலில் மிரட்டினார், பிறகு கெஞ்சினார். ஐந்தாவது வாரம் "ஈஸ்வரிக்குத் தோளு எப்படி இருக்குதுங்க, கை எதுவரைக்கும் ஏறுது?" என்று கேட்டார். ஒரு ஃப்ளோர் இன்சார்ஜ் ஒரு டெய்லரின் தோளைப் பற்றிக் கேட்டது என் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை. மார்பு உயரம் என்றேன். "பரவால்லீங்களே!" என்றார். எட்டாவது வாரம் வேனில் அவளுக்கு முன் சீட்டு ஒதுக்கியிருப்பதாகவும், படியில் ரப்பர் ஒட்டியிருப்பதாகவும் சொன்னார். அந்த ரப்பர் முன்பே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பத்து வாரம். ஒரு வேளைகூட ரிஜெக்ட் ஆகவில்லை. இரண்டு நாள் மட்டும் காலையில் வீக்கம் என்று லைனை நிறுத்தியிருந்தாள், அதையும் எழுதியிருந்தாள். தோள் முழுதாக வந்ததா என்றால், இல்லை. கை காதுவரை ஏறும், அதற்கு மேல் ஏறாது. பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க இன்றைக்கும் இடது கைதான். அந்தக் கடைசிப் பகுதி ஞாயிற்றுக்கிழமையில் போனதா, விசிலில் போனதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டையும் என் பேரில்தான் வைத்திருக்கிறேன். தைக்க அந்த உயரம் தேவையில்லை என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் ஆறுதல் கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பின முதல் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தலையில் பனியன் பஞ்சு. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஒக்காந்துட்டனுங் மேடம். பதினேழுலயே."

"நாடாவ எப்படி அவுத்தாங்க? துண்டு கெடைக்காம வரி முடியாதுன்னாங்களே?"

"முடிச்சுப்போட்டனுங்க. செந்தில் சாரு ரிஜிஸ்டரத் தூக்கிட்டு ஓடியாந்தாரு. கையெழுத்து மட்டும் போடும்மான்னாரு. துண்டு இல்லாம எப்படிச் சார் கையெழுத்துப் போடறதுன்னு கேட்டேன். மெஷினுல இருந்த மூணுல ஒண்ணக் கழட்டுனேன், கொறடுல வெச்சு ஒரு அமுக்கு. ரெண்டு துண்டு. டேப்புப் போட்டு ஒட்டிக் கையெழுத்தப் போட்டேன். வலது கையிலதானுங்க, வலியே இல்ல. புது ஊசி குடுத்தாங்க. தெச்சேன்."

எனக்குத் திடீரென்று நியாயம் பேச வேண்டும் போலிருந்தது. "ஏம்மா, நல்ல ஊசிய ஒடச்சு ஒட்டறது பொய்யில்லையா? நாளைக்கு எவனாவது கேட்டா?"

ஈஸ்வரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒடஞ்சுதுன்னு கத்துனது நீங்க. துண்டக் காணோம்னு பத்து வாரமாத் தேடுனது அவிய. நானு கண்டுபுடிச்சுக் குடுத்துருக்கேன். ஒரு தேங்ஸாவது சொல்லுங்க மேடம்."